பதினோராம் வீடு

இன்று காலை தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்ததும் குடச்சண்டை தொடங்கியது. என் வாய் தானாக "சோடியம்" என்றது.

ஒன்பதாம் வகுப்பில் தனிமங்கள் மண்டையில் ஏறாததால், அவற்றை வரிசை மாறாமல் எங்கள் தெரு வீடுகளில் குடிவைத்தேன். யாரோடும் சேராத இரண்டாம் வீட்டுக்காரர் ஹீலியம். பதினோராம் வீட்டில், குழாயடியில் தினமும் சண்டை போடும் எங்கள் அறிவியல் வாத்தியார்.

"பதினொண்ணு என்னலே?" என்றார் வகுப்பில்.

"சோடியம், சார். தண்ணியக் கண்டா பத்திக்கிடும். உங்க வீடு."

எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

"வீட்ட விட்டுட்டுச் சொல்லு. இல்லன்னா பரீட்சை வரைக்கும் வெளிய நில்லு."

"உங்க வீட்டத் தாண்டாம பன்னெண்டுக்கு எப்படி சார் போக?"

பரீட்சை வரை வெளியேதான் நின்றேன். படித்ததில் பாதி மறந்துவிட்டது, தலைமுடியிலும் பாதி போய்விட்டது. பதினோராம் வீட்டை மட்டும் நான் இன்னும் காலி செய்யவில்லை.