பிரிஜெட் போன வழியும் அப்பா வந்த வழியும்

எங்கள் அப்பா பருத்தித்துறையில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் தம்பியுடன் நாட்டை விட்டுப் புறப்பட்டு, சில ஆண்டுகள் ஜேர்மனியில் உணவகங்களில் வேலை செய்தபின் லண்டன் வந்து செவன் கிங்ஸில் குடியமர்ந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்து எங்களைப் படிப்பித்தார். சித்தப்பா ஜேர்மனியில் காய்ச்சலால் இறந்தார் என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

மெல்பேர்னில் பிறந்த பிரென்டனை நான் மணந்ததை அப்பா விரும்பவில்லை. இரண்டு ஆண்டுகள் அவருடன் பேசவுமில்லை. ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டில், தன் பாட்டியின் பாட்டியான பிரிஜெட் அயர்லாந்திலிருந்து நேரே அவுஸ்திரேலியாவுக்குப் போனவர் என்று பிரென்டன் சொன்னார்.

"நேரே ஒருத்தரும் போறேல்லை பிள்ளை," என்றார் அப்பா என்னிடம். "இடையில எங்கையோ நிண்டிருப்பா. எந்த வழியால போனவ எண்டு அவரைக் கேள்."

பிரென்டனுக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை இருவரும் ஆவணக் காப்பகத்துக்குப் போனார்கள். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் போனார்கள். மாரிகாலம் முடிவதற்குள் வழி தெரிந்துவிட்டது. கிளேரிலிருந்து கோர்க் துறைமுகம்; அங்கிருந்து நீராவிக் கப்பலில் இங்கிலாந்தின் பிளிமத்; அங்கே விடுதியில் மூன்று வாரக் காத்திருப்பு; பின்னர் பாய்க்கப்பலில் மெல்பேர்ன். கப்பல் வைத்தியரின் குறிப்பில் இன்னொரு பெயரும் இருந்தது. நோரா, பிரிஜெட்டின் தங்கை, வயது பதினாறு. கடலில் இறந்தவர். பிரென்டனின் குடும்பத்தில் எவரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

"ஏன் மாமா அவ ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று பிரென்டன் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டிருக்கிறார். அப்பா வீடு வந்து, எங்கள் இருவரையும் இருக்கச் சொன்னார். சித்தப்பா காய்ச்சலால் இறக்கவில்லை. போலந்து எல்லையில் ஆற்றைக் கடக்கும்போது நீர் அவரை இழுத்துக்கொண்டு போனது.

"கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது நான். விட்டிட்டு வந்ததும் நான். அதை அக்காவுக்கு எப்பிடி எழுதிறது?"

அக்கா என்றது யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் மாமியை. பிறகு அப்பா நோய்வாய்ப்பட்டார். நோய் முற்றியபின் தான் வந்த வழியை அவர் ஊர் ஊராகச் சொல்ல, பிரென்டன் வரைபடத்தில் குறித்தார். அந்த ஆறு வந்ததும் அப்பா நிறுத்திவிட்டு மாமிக்கு அழைக்கச் சொன்னார். எல்லாவற்றையும் தானே சொன்னார். மாமி குறுக்கிடாமல் கேட்டார்.

"எனக்குத் தெரியும் தம்பி. உங்களோட வந்த ஆள் ஒருத்தர் அப்பவே எழுதிப் போட்டவர். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அப்பா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பதினொரு நாட்களில் அப்பா காலமானார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. எல்லாம் தெரிந்திருந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வார்த்தையும் கேட்காமல் காத்திருந்த மாமிக்கு என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.