பொட்டாசியம் பார்க்க வந்தவள்

போன வாரம் யாழினி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். படிவம் நான்கு மாணவி, பதினாறு வயது. கையில் பையைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"டீச்சர், நான் அக்கவுண்ட்ஸ் கிளாஸுக்கு மாறிக்கிறேன் லா. கெமிஸ்திரி மண்டையில ஏறவே மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. அவள் கொட்டாவி விடுவதைக் கொஞ்ச நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்காக, கார உலோகங்கள் பாடம் வருவதற்கு முன்பே போவதா? கெமிஸ்திரியில் திருவிழாவே அதுதானே! நாளைக்கு லேப், பார்த்துவிட்டு முடிவு செய் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

ஏன் இவ்வளவு பதற்றம்? சரோஜாவால்தான்...

சரோஜாவும் நானும் நியாலாஸ் ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த வீடு. பள்ளியில் ஒரே பெஞ்சு. உங்களுக்கும் அப்படி ஒரு பெஞ்சுத் தோழி இருந்திருப்பாள், இல்லையா? முதன்முதலில் லேப்பில் சோடியம் புட்டியைத் திறந்தபோது மண்ணெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது. "ஏய், நம்ம வீட்டு அடுப்பு வாசனைடி," என்று என் காதில் கிசுகிசுத்தாள். காற்றும் தண்ணீரும் படாமல் இருக்கத்தான் எண்ணெயில் போட்டு வைக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு அந்த வாசனையிலேயே எங்கள் பயம் போய்விட்டது.

அந்த வருஷக் கடைசியில் தோட்டத்தை விற்றார்கள். சரோஜா குடும்பம் குருபோங் பக்கம் போயிற்று. அவள் படிப்பை விட்டு ஃபேக்டரி பஸ் ஏறினாள், நான் படித்தேன். இன்றும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பார்த்தால், "இந்த வருஷம் பொட்டாசியம் போட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்பாள். இன்னும் ஒரு வருஷமாவது அவளோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம் என்று மனம் ஏங்கும்.

மறுநாள் லேப். குளியல் தொட்டியே வெடிக்கிற வீடியோவெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்... லித்தியம் தண்ணீரில் சாதுவாகப் பொரிந்ததும், "அவ்ளோதானா டீச்சர்?" என்றது பின் பெஞ்சு. அடுத்து சோடியம். சரோஜாவுக்கு அனுப்பலாமே என்று என் போனை யாழினியிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன்.

வெண்ணெயில் இறங்குவதுபோல் கத்தி இறங்கியது. வெட்டிய இடம் பளிச்சென்று மின்னியது. கேமரா சுதாரிப்பதற்குள் மங்கிவிட்டது.

"டீச்சர், போன்ல விழல. திரும்ப வெட்டுங்க."

வெட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் போன் மேசையில் கிடக்கிறது. யாழினி சோடியத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வாயைத் திறந்தபடி!

அதே சூட்டில் பாடத்தையும் நடத்தினேன். இந்தக் குடும்பத்தில் கீழே போகப் போக வேகம் அதிகம். ஏன்? வெளியில் இருக்கும் ஒற்றை எலக்ட்ரான் அணுக்கருவை விட்டுத் தள்ளிப் போகிறது, பிடி தளர்கிறது, சுலபமாகக் கழன்றுவிடுகிறது. யாழினி தலையாட்டினாள். மணி அடித்துவிட்டதால் பொட்டாசியம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. இனி இவள் போகமாட்டாள் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டே வீட்டுக்குக் கார் ஓட்டினேன்.

திங்கட்கிழமை அவள் இடம் காலி. அக்கவுண்ட்ஸுக்குப் போயே போய்விட்டாள்.

வருத்தமாகத்தான் இருந்தது. கண்ணாடித் தடுப்பை வைத்து, பொட்டாசியத் துணுக்கைத் தண்ணீரில் விட்டேன். இளம் ஊதாவில் தீ குபீரென்று கிளம்பியது. வகுப்பு மொத்தமும் "ஓ..." என்றது. ஜன்னல் பக்கமிருந்தும் ஒரு "ஓ..." வந்தது. திரும்பினேன். யாழினி! கூடவே அக்கவுண்ட்ஸ் பிள்ளைகள் இரண்டு பேர். டாய்லெட் போகிற வழியாம்... டாய்லெட் இருப்பதோ எதிர்ப்பக்கம்.

சாயங்காலம் சரோஜாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"போனா போறா, விடு. பாத்துட்டுல்ல போயிருக்கா," என்றாள்.

வெளி எலக்ட்ரான் சுலபமாகப் போய்விடும் என்று வருஷா வருஷம் நடத்துகிறேன். போனது ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லையே!