தாஸ் டோக்கனும் செல்வி கடைக் கூரையும்

1. ஆகாசம் தெரியுது

கைமாத்து என்கிற ஆப்பின் ஆபீசில் நான் ஒருங்கிணைப்பாளராக உட்கார்ந்த பிறகு வந்த முதல் பெரிய கம்ப்ளெயின்ட் ஒரு வீடியோ கால். காலையில் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி போனை எடுத்தால் திரை முழுக்க மேகம்.

"அக்கா, இன்னா தெரியுது?" என்றது டெய்லர் செல்வியின் குரல்.

"ஆகாசம் தெரியுது."

"நான் எங்க கீறேன்னு சொல்லு பாப்போம்."

"மொட்ட மாடியிலயா?"

"என் கடைக்குள்ள கீறேங்க்கா! தையல் மிஷின் பக்கத்துல நின்னுகினு கீறேன்!"

டீயைக் கீழே வைத்துவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த விஷயத்தைத்தான். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கும் இப்போது சிரிப்புதான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

2. ஆளுக்கொரு டோக்கன்

என் பெயர் ஜெசிந்தா. ராயபுரத்துக்காரி. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவள். டிரெய்லர் டிரைவர்களோடு கத்திக் கத்தி என் தொண்டையே ஒரு தினுசாகிவிட்டது. சாப்பாட்டில் உப்பு கேட்டால்கூட வீட்டில் சண்டைக்கு வருகிறேன் என்று நினைப்பார்கள். தண்டையார்பேட்டை நிலோஃபர் கம்ப்யூட்டர் படித்தவள், இந்த ஆப்பை எழுதியவள். அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். "ஆண்ட்டி, ஆப் வேலை செய்யும், ஆனா சண்டை போடாது. அதுக்கு நீங்க வேணும்" என்றாள். வீட்டில் சும்மா கிடந்தால் சீரியல் பார்த்தே செத்துப்போவேன் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

சங்கதி ரொம்ப எளிது. கைமாத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரில் டோக்கன் இஷ்யூ செய்யலாம். ஒரு டோக்கன் என்றால் அந்த ஆளின் ஒரு மணி நேர வேலை. நீ எனக்கு வேலை செய்தால் என் டோக்கனை உன் போனுக்கு அனுப்புவேன். அதை வைத்து நீ என்னை வேலைக்குக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் உனக்கு வேலை செய்த இன்னொருவருக்குத் தள்ளிவிடலாம். சுற்றிச் சுற்றிக் கடைசியில் யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு நான் வேலை செய்தாக வேண்டும். துட்டு புழங்காது, போனில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஒரு ஆட்டோக்காரர் தன் டோக்கனைக் கொடுத்து மகளுக்கு டியூஷன் வைத்தார். டியூஷன் டீச்சர் அந்த ஆட்டோ டோக்கனைக் கொடுத்து ஃபிரிட்ஜைச் சரிசெய்துகொண்டார். ஃபிரிட்ஜ் மெக்கானிக் அதே டோக்கனில் தன் மாமியாரை ஆட்டோவில் ஏற்றி சென்ட்ரலில் ரயிலுக்கு அனுப்பிவைத்தார். எங்கள் ஆப்பை அவர் அளவுக்குப் புகழ்ந்த கஸ்டமர் இதுவரை இல்லை.

நாங்கள் ஆரம்பித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். அந்த இரண்டு மாதமும் காசிமேட்டில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகு ஆட்கள் எல்லாரும் கரையில். அவர்களில் ஒருவர் தாஸ். விசைப்படகை ஓட்டுகிறவரை இங்கே டிரைவர் என்றுதான் சொல்வோம். தாஸ் நல்ல டிரைவர். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். தண்ணீர் டேங்குக்குப் பெயின்ட், மூன்றாவது மாடிக்கு பீரோ ஏற்றுவது, கூரைக்கு ஃபைபர் பூசுவது, எதைக் கேட்டாலும் சரி என்பார்.

"எவ்ளோ டோக்கன் வோணும் சொல்லுக்கா. நம்ம நேரம் கடல் மாதிரி கீது, அள்ளிக்கோ" என்பார்.

ஊரே அள்ளிக்கொண்டது. தாஸ் டோக்கன் கையில் இருந்தால் யாரிடமும் எந்த வேலையும் வாங்கலாம் என்கிற நிலைமை. அவருடைய பிள்ளைகளுக்கும் படகு ஆட்களின் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்த செல்விதான் அதிகமாகச் சேர்த்தவள். அவள் ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை. கடையின் பழைய ஷீட் கூரை பல வருஷமாக ஒழுகுகிறது. அதைப் பிரித்துப் புது ஷீட் போட வேண்டும் என்பது அவளுடைய கனவு. ஷீட்டும் வாங்கி வைத்துவிட்டாள். ஆள் மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் தாஸ் டோக்கன்.

இதில் ஒரு விஷயம் எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. தடைக்காலம் என்றால் ஒரு நாள் முடியும். காசிமேட்டில் பால்குடிப் பிள்ளையைக் கேட்டாலும் அந்தத் தேதியைச் சொல்லும். ஆனால் ஆப்பைத் திறந்ததும் அத்தனை பேருக்கும் அது மறந்துபோயிற்று, தாஸுக்கும் சேர்த்து.

3. ஐஸ் வந்துச்சு

அந்த வீடியோ காலுக்கு முந்தின நாள், தடையின் கடைசி நாள் காலையில், தாஸும் அவர் ஆட்களும் செல்வி கடைக்கு வந்தார்கள். பழைய ஷீட்டை எல்லாம் பிரித்து இறக்கினார்கள். புது ஷீட்டைத் தூக்கப் போகும் நேரத்தில் தாஸுக்கு போன். படகு ஓனர். ஐஸ் வந்துவிட்டது, முந்தினவர்களுக்குத்தான் கிடைக்கும், உடனே வா.

"தோ, ஒரு மணி நேரம். ஐஸ ஏத்தி உட்டு வந்துடறோம்" என்று சொல்லிப் போனவர்கள் ஐஸ் ஏற்றினார்கள், டீசல் ஏற்றினார்கள், தண்ணீர் ஏற்றினார்கள், அப்படியே கடலுக்குப் போய்விட்டார்கள். இரண்டு மாதம் கட்டிப் போட்ட ஆட்கள். முதல் நாள் கடல் என்றால் அவர்களுக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது.

"ஏணிய கூட எத்துகினு போவலக்கா. அது பாட்டுக்கு சொவுத்துல சாஞ்சிகினு கீது" என்றாள் செல்வி போனில். "ஸ்கூல் ஆர்டர் துணி மொத்தமும் உள்ள கீது. ஒரு மழ பேஞ்சா போச்சு. அடுத்த வருசம் ஆர்டர் குடுப்பாங்களா? எனக்கு வேற இன்னா பொழப்பு கீதுக்கா?"

அந்தப் பள்ளிக்கூட ஆர்டர்தான் அவள் வருஷத்துக்கே சோறு. தார்ப்பாய் ஒன்று கட்டிப் பார்த்தாள். கடல் காற்று அதைத் தூக்கி எதிர் வீட்டு மாடியில் போட்டது. எண்ணூர் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது.

நான் போனை எடுத்தேன். முதலில் தாஸ். தொடர்பு எல்லைக்கு வெளியே. அடுத்து, எங்கள் ஆப்பில் இருக்கும் வெல்டர் பழனி. ஷீட் போடுவதில் கெட்டிக்காரர்.

"யாரு டோக்கன்க்கா?" என்றார்.

"தாஸ் டோக்கன்."

"தாஸு கடல்ல கீறாரு. அவர் டோக்கன வச்சிகினு நான் இன்னா பண்ணட்டும்? அவசரம்னாலும் எனக்கு நாலு நாள் ஆவும், உடுக்கா."

வேறு யாரைக் கேட்டாலும் இதே பாட்டுதான். நேற்று வரை அடித்துப் பிடித்து வாங்கிய தாஸ் டோக்கனை இன்றைக்குத் தொட ஆள் இல்லை. நிலோஃபர் திரையைப் பார்த்துக்கொண்டு, "ஆண்ட்டி, சிஸ்டம்ல எல்லாம் கரெக்டா தான் காட்டுது" என்றாள். வந்ததே எனக்குக் கோபம். "சிஸ்டத்த கூட்டிட்டுப் போயி கூரை மேல ஏத்துடி" என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

4. அமுலு

தாஸின் மனைவி அமுலு காசிமேட்டில் மீன் விற்கிறவள். தடைக்காலத்திலும், தடை இல்லாத சின்ன ஃபைபர் படகு கொண்டுவரும் மீனை வாங்கி விற்றுக்கொண்டுதான் இருந்தாள். நானும் செல்வியும் போனபோது வாசலில் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு டோக்கனுக்கு என்னிய ஏன் கேக்குறீங்க? அவரு பேருதான போட்டுகீது?"

"இல்லடி, ஒரு அவசரம்..."

கூடையைப் படாரென்று கவிழ்த்தாள். "ரெண்டு மாசம் வூட்ல கீறாரே, நமக்கு ஒரு ஒத்தாசையா இருக்கும்னு நெனச்சேங்க்கா. நான் மீனு ஏலம் எத்துகினு வூட்டுக்கு வரப்போ ஆளு இருக்காது. அந்த வூட்ல பெயின்டு, இந்த வூட்ல பீரோ. ஊருக்கெல்லாம் டோக்கன் குட்தாரே, எனக்கு ஒண்ணு குட்தாரா?"

எத்தனையோ தடவை தாஸை வாயார மெச்சியிருக்கிறேன். ஒரு தடவையாவது அவர் வீட்டை எட்டிப் பார்த்தேனா?

செல்வி என் கையை இழுத்தாள். "வாக்கா, போலாம். அது பாவம்."

நாங்கள் திரும்பிவிட்டோம். பின்னாலிருந்து அமுலு கேட்டாள்: "செல்வி, உள்ள எவ்ளோ துணி கீது?"

"ஸ்கூல் ஆர்டர் முழுசும்."

அமுலு வானத்தை ஒரு தடவை பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அக்கா, அந்த ஆப்ப என் போன்ல போட்டு குடு. என் பேர்ல டோக்கன் போடு."

"உன் டோக்கனுக்கு என்ன வேலைன்னு போடறது?"

"போட்டுங்க கரைக்கு வந்தவொடன ஏலத்துல நானே நிப்பேன். நானே மீனு பொறுக்கி, ஏல வெலைக்கே எத்து, ஆஞ்சி, கழுவி வூட்டு வாசல்ல குட்பேன். மீனுக்கு துட்டு அவங்க குட்கணும், மத்ததெல்லாம் என் டோக்கன். செல்விக்கு வோணும்ன்ற அளவுக்கு குட்கறேன். பதிலுக்கு அந்தாளு டோக்கன் அத்தினியும் எனக்கு தட்டி உடச் சொல்லு."

செல்வி போனை எடுத்துத் தட்டினாள்.

எங்கள் ஆப் குரூப்பில் ஒரே வரி போட்டேன்: செல்வி கடைக் கூரை வேலைக்கு அமுலு டோக்கன். இரண்டு மாதமாக நல்ல மீனைக் கண்ணில் காணாத ஊர். முதல் ஏலத்தில் அந்தக் கூட்டத்தில் புகுந்து மீன் எடுப்பது எல்லாராலும் ஆகிற காரியமா? என் போன் இட்லிப் பானை மாதிரி கொதிக்க ஆரம்பித்தது. முதல் கால் பழனி.

"அக்கா, வஞ்சிரம் கூட எத்து தருமா?"

"எத்து தரும்."

"ஷீட்டு மாட்ற ஜே போல்ட்டு கீதா, நான் எத்துகினு வரவா?"

"உனக்கு நாலு நாள் ஆவும்னியே?"

"அது தாஸ் டோக்கனுக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பழனி இரண்டு ஆட்களோடு வந்து கூரை மேல் ஏறினார். ஆட்டோக்காரர் ஷீட்டைத் தூக்கிக் கொடுத்தார். டியூஷன் டீச்சர் போல்ட்டுக்கு வாஷர் மாட்டினார். கீழே நின்று மேஸ்திரி வேலை பார்த்தது அமுலு. "யோவ், அந்த ஷீட்டு கோணிக்கினு கீது பாரு! கண்ணு பொடனியிலயா கீது?" என்று அவள் போட்ட சத்தத்தில் யார்டில் நான் போட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

கடைசி போல்ட்டை முடுக்கிவிட்டு பழனி இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கடைக்குள் ஓடினோம். ஷீட்டின் மேல் மழை விழும் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. செல்வி துணிக்கட்டுகளுக்கு மேலே ஒவ்வொரு போல்ட்டாகக் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரே ஒரு இடத்தில் சொட்டியது. அதன் கீழே ஒரு டீ கிளாஸை வைத்துவிட்டு, சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

5. ரிடீம்

தாஸ் கடலிலிருந்து வந்ததும் நேராக என் ஆபீசுக்கு வந்தார். நல்ல மீன்பாடு போல, முகம் மலர்ந்திருந்தது. செல்வியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். போனை எடுத்துப் பார்த்ததும் மலர்ச்சி போய்விட்டது.

"இன்னாக்கா இது? நம்ம டோக்கன் முக்காவாசி அமுலு கையில கீறதா காட்டுது?"

"கையில வெச்சிருக்கறவங்களுக்கு வேல செய்யணும். அதான் ரூல்."

"அவ எம் பொண்டாட்டிக்கா!"

"ஆப்ல அப்டி ஒரு ஆப்ஷன் இல்ல தாஸு."

"இத்த கேன்சல் பண்ண முடியாதா? பேஜாரா பூடும்க்கா."

நிலோஃபர் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கு அடியில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அமுலு என்ன வேலை வாங்கப் போகிறாள் என்று காசிமேடே பேசியது. துணி துவைக்கச் சொல்வாள் என்றார் பழனி. கால் பிடிக்கச் சொல்வாள் என்றார் ஆட்டோக்காரர். அவள் முதலில் ஊருக்குக் கொடுத்த வாக்கை முடித்தாள். ஏலத்தில் நின்று, ஒவ்வொரு வீட்டுக்கும் மீனை ஆய்ந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒரு நாள் என் திரையில், டோக்கனுக்கு வேலை கேட்கும் அவளுடைய ரிடீம் வந்தது. தாஸுக்கு வேலை விவரம்: என் எடத்துல குந்தணும்.

அன்றைக்கு மீன் விற்கும் பெண்கள் வரிசையில், அமுலுவின் பலகையில், அருவாமனைக்கு முன்னால் தாஸ் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பார்க்காமல் இருப்பேனா?

"டிரைவரே, சங்கரா எவ்ளோ?" என்றாள் பக்கத்துக்காரி.

"செவுள தூக்கி காட்டு டிரைவரே, வெக்கப்படாத!" என்றாள் இன்னொருத்தி.

தாஸ் விரலில் ஒரு பிளாஸ்திரி. முகத்தில் வியர்வை. இருந்தாலும் எழுந்து ஓடவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்தால் டோக்கன் கொடுத்தவருக்கு போன் செய்து திருப்தியா என்று கேட்பது என் டூட்டி. அமுலுவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். வெகுநேரம் கழித்து எடுத்தாள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"எங்கடி இருக்க?"

"தூங்கிகினு கீறேங்க்கா."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணியும் இல்ல. நல்லாதான் கீறேன். பகல்ல தூங்கறேன். கண்ணாலம் ஆன அப்பால இதான்க்கா மொத தபா. கதவ சாத்திகினு, ஃபேன போட்டுகினு..." ஒரு கொட்டாவி விட்டாள். "அவரு எந்திரிச்சி பூட்டாரா? இன்னொரு டோக்கன் போடலாமாக்கா?"

"போடுடி" என்றேன்.

தடைக்காலத் தேதியை ஆப்பில் சேர்ப்பது நிலோஃபருக்கு ஒரு பெரிய வேலையாகவே இல்லை. இப்போது படகு ஆட்கள் டோக்கனுக்குக் கடைசித் தேதி தானாக விழுந்துவிடும். நான் கற்றுக்கொண்டது வேறு. ஒரு ஆள் தன் நேரத்தை ஊருக்குத் தாராளமாகக் கொடுக்கும்போது, அதில் பாதி வீட்டில் யாரோ ஒருவர் கேட்காமல் காத்துக்கிடந்த நேரமாக இருக்கும். அதனால் புதிதாக டோக்கன் போட யார் வந்தாலும், ஓடிபி கேட்பதற்கு முன்னால் "வூட்ல கேட்டியா?" என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சிலர் போனை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வருகிறார்கள். என் நாற்காலியில் உட்காரப் போகிற நீங்களும் கேளுங்கள். முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.