கன்னொருவையில் ராசா தோற்றிருந்தால்

செவ்வாய்க்கிழமை காலை. கண்டி மார்க்கட்டில் வழக்கமான வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மிளகுக் கடைப் பக்கமிருந்து ஒருவன் ஓடிவந்து, "வேலண்ணே, மஹ்ரூப் நானா போயிட்டாராம்" என்றான். "எங்க போனாரு?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். முதல் நாள் பின்னேரம் என் தோளில் தட்டிவிட்டு அக்குறணைக்குப் பஸ் ஏறிய மனிதருக்குச் சாவு என்றால் யாருடைய மண்டையில் ஏறும்?

எங்கள் தோட்ட லயத்தில் சாவு விழுந்தால் சொந்தபந்தம் வந்து சேரும்வரை உடலை வைத்திருப்போம். அந்த நினைப்பில் வீட்டுக்குப் போய்க் குளித்து, வேட்டி கட்டி, ஒரு மாலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்குறணையில் ஒரே நெரிசல். இறங்கி நடந்தால், தொப்பி போட்ட ஆண்கள் கூட்டமாக எதிரே வருகிறார்கள். நானாவின் மூத்த மகன் என்னைக் கட்டிப்பிடித்து, "லுஹர் தொழுகையோட அடக்கிட்டம் மாமா" என்றான். நேற்று கருப்பட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்தவர் இன்று மத்தியானம் மண்ணுக்குள். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மாலையோடு நடு ரோட்டில் நின்றேன். மகன் அதை வாங்கிக்கொண்டான். எங்கே வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

நானாவைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அவரை மிளகு, கராம்பு வியாபாரியாகத் தெரியும். நான் அவருக்கு மூட்டை தூக்கினவன். ஆனால் பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேரும் சேனாதிபதிகள். அவர் விரலைத் தண்ணீரில் நனைத்து மேசையில் ஒரு கோடு இழுப்பார். "இது மகாவலி ஆறு. மேட்டுல கண்டி ராசாட ஆக்கள், கீழ போத்துக்கீசப் பறங்கி. கன்னொருவைச் சண்டை. இப்ப செல்லு வேலு, பறங்கி ஜெயிச்சிருந்தா என்ன நடக்கும்?" கிளாஸ்களெல்லாம் படைகள். கடைக்காரர் கத்துவார்: "கிளாஸ் ஒடைஞ்சா ராசாவா வந்து தருவாரு?"

அந்தச் சண்டைக்கு ராசாவுக்குத் துணையாக வந்து, ஜெயித்த ராசா காணி கொடுக்க இங்கேயே தங்கிய அரபிகளின் வழியில் வந்தவர் தாம் என்பது நானாவின் குடும்பத்துக் கதை. என் கதை வேறு. பின்னாளில் வெள்ளைக்காரனிடம் கடைசி ராசா பிடிபட்டார். மலையெல்லாம் கோப்பி, அப்புறம் தேயிலை. கொழுந்தெடுக்க இந்தியாவிலிருந்து புசல்லாவைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த கூட்டத்தில் என் பூட்டனும் ஒருவன். ஒருநாள் சொன்னேன்: "நீங்க ராசா ஜெயிச்சதால தங்கின ஆளு நானா. நாங்க ராசா தோத்ததால வந்தவங்க." அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "அப்ப சண்டையே நடக்காட்டி இந்தக் கடைக்கி யாவாரமே இல்லடா!"

ஆட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசி ராசாவிடம் வெள்ளைக்காரன் தோற்றால் தேயிலை இல்லை. தேயிலை இல்லாவிட்டால் நான் இல்லை. என் கிளாஸை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கப் போவேன். நானா அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொள்வார். "அத வை. யார் தோத்தாலும் அது அங்கதான்."

ஒப்பந்தம் போட்டு எங்கள் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அண்ணன் குடும்பத்தோடு நானும் போவதாக இருந்தது. பெட்டிகூடக் கட்டியாயிற்று. நானாவிடம் சொன்னேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை. "எங்கட ஆக்கள் வாளோட வந்தாங்க. சண்டை முடிஞ்சும் போகல்ல. எப்ப போறீங்கண்டு ஒருத்தனும் கேக்கல்ல. நீங்க கூடையோட வந்தீங்க. ஒங்கள மட்டும் ஏன்டா கேக்குறாங்க?" என்றார். கண்டி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அண்ணன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "ஏறுடா! ஏறுடா!" என்று கத்தினான். காதில் நானாவின் கேள்வி. நான் ஏறவில்லை. எந்த நாட்டுக்காரன் என்று சொல்ல வழியில்லாமல் நான் கிடந்த வருடங்களில், கேட்டவர்களுக்கெல்லாம் "இவன் எங்கட ஆள்" என்று அவர்தான் சொன்னார்.

கடைசித் திங்கட்கிழமை நானா ஆட்டத்தைத் திருப்பிப் போட்டார். தன் கிளாஸைத் தானே எடுத்துக் கீழே வைத்தார். "கன்னொருவையில ராசா தோத்திருந்தா நான் எங்க இரிப்பேன்? செல்லு பாப்பம்." அதற்குள் பஸ் வந்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன் நானா." "மறந்துட்டேன்னு செல்லப்படாது!" ராத்திரி சோறு தின்னும்போதும், வேலுவிடம் பதில் இல்லை என்று சொல்லிச் சிரித்தாராம். மகன்தான் சொன்னான்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நானாவிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். என் கிளாஸைப் பொத்திய அந்தக் கை என்னோடு இருக்கிறது. பதிலும் இருக்கிறது.

ராசா அன்றைக்குத் தோற்றிருந்தால் நீங்கள் இந்த ஊரில் இல்லை நானா. நீங்கள் இல்லாவிட்டால், நான் அந்த ரயிலில் ஏறியிருப்பேன்.