வெட்டுக்கிளிக்குப் பந்தி வைத்த கதை

வெட்டுக்கிளிக்குத் தழை போட்டு, எதைத் தின்றது, எதை ஒதுக்கியது என்று எழுதிக்கொள்வதும் ஓர் உத்தியோகம்தான். சிரிக்காதீர்கள், மேலதிகாரி என்று ஒருத்தர் உங்களுக்கும் இருப்பாரே!

பட்டினி டியூட்டி

அறுபதுகளின் நடுவில் நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில் எங்கள் சோதனைக் கொட்டகை இருந்தது. நான்கு வலைக்கூண்டுகள். நெல், கம்பு, வரகு, அப்புறம் ஆபீசர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய புது ரகச் சோளம். வயலில் பிடித்த வெட்டுக்கிளிகளை ஒருநாள் முழுக்கப் பட்டினி போட்டு, கூண்டுக்கு இருபதாக விட வேண்டும். வயிறு காய்ந்திருந்தால்தான் எந்தப் பயிர் தாங்கும், எது தாங்காது என்பது தெரியும். அந்தப் பட்டினி போடுகிற மகா காரியம் என்னுடையது.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் மைன்ஸில் ஷிஃப்ட் முடித்து வரும்போது எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூச்சியைப் பட்டினி போடவும் சம்பளமா? நாங்க மண்ணு தோண்டிச் சாகிறோம்யா!"

வரகு செய்த குற்றம்

புது ரகச் சோளத்தின் இளந்தழையை ஒரே பொழுதில் நரம்பு தெரிய மேய்ந்துவிட்டன. நெல்லும் கம்பும் பாதி போயின. வரகில் மட்டும் ஓரத்தைக் கடித்துவிட்டு வலையில் தொற்றிக்கொண்டன. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே. நோட்டை ஆபீசரிடம் நீட்டினேன். அவர் முகம் இஞ்சி தின்ற மாதிரி ஆகிவிட்டது. நானோ டெம்பரவரி. என் பெர்மனென்ட் ஆர்டருக்கு அவர்தான் சிபாரிசு எழுத வேண்டும்.

"வரகுதான் தேவலைன்னு எழுதி அனுப்பினா, மேல இருக்கிறவங்க நம்மளை வரகு குத்தவே அனுப்பிடுவாங்கய்யா!" என்றார்.

விருந்து

மேலிடத்துப் பெரியவர் பார்வையிட வந்தார். முதல் நாளே எனக்கு ஆபீசரின் உத்தரவு: சோளக்கூண்டுக்குப் போகிற இருபதை மட்டும் பட்டினி போடாதே, வயிறு முட்டப் போடு. அறுகம்புல்லும் நெல்நாற்றுமாக, மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பதுபோல் கவனித்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு! மறுநாள் நெல், கம்புக் கூண்டுகளில் மொறுமொறுவென்று மேய்ச்சல், வரகில் வழக்கம்போல் ஓரக்கடி. சோளக்கூண்டில் இருபதும் அசையவில்லை. "பூச்சியே மரியாதையா ஒதுங்கி நிக்குது பாருங்க!" என்று பெரியவர் பூரித்துப்போனார்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் கலியபெருமாள் நின்றிருந்தார். பக்கத்து ஊர் விவசாயி. சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்ட நிலம் போக மிஞ்சிய ஒரு காணிதான் அவருக்கு. போன வருஷம் அதில் போட்ட கம்பையும் வெட்டுக்கிளி மேய்ந்துவிட்டது. இந்த வருஷமும் போனால் வீட்டில் உலை ஏறாது. வரகு விதை எடுத்து வைத்திருந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சோளமே போட்டுடலாமுங்களா?" என்றார். நான் நோட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்: "பக்கத்துலயே இருந்து பாத்துக்கினு இருக்கிறவரு நீங்க. தப்புன்னா சொல்லாமயா வுடுவீங்க!"

ஒரு காணி

முழங்கால் உயரம் வளர்ந்த சோளம், மூன்றே நாளில் வெறும் குச்சி. கலியபெருமாள் ஒரு பிடி குச்சியோடு கொட்டகைக்கு வந்தார். கத்தவில்லை. "கூண்டுல தொடாத பயிரை என் கொல்லையில மட்டும் ஏங்க தின்னுச்சி?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது. அறுகம்புல், நெல்நாற்று, எல்லாவற்றையும் சொன்னேன்.

குச்சிகளை என் மேஜைமேல் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "என் கொல்லைக்கு வந்ததுக்கு யாரும் சோறு போட்டு அனுப்பலீங்களே, சார்."

எத்தனையோ பூச்சிகளைக் கூண்டுக்குள் விட்டு எழுதினேன். பசியே இல்லாமல் ஒரு காணியை மொட்டையடித்த பூச்சி மட்டும் கூண்டுக்கு வெளியே நின்று, அந்த வருஷமே பெர்மனென்டும் ஆனது.