மருதாத்தாள் எடுக்கச் சொன்ன வரி

மருதாத்தாளுக்கு ஆரு மேலயும் நம்பிக்கை கிடையாதுங்க. அவ கேச நடத்துன கல்பாத்தி வக்கீல் யக்ஞநாராயணன்கிட்டக் குமாஸ்தாவா இருந்தவன் நான். எம்மேலதான் அவளுக்கு மொதச் சந்தேகம். நாம்பாட்டுக்குப் புதுச் சட்ட போட்டுட்டு வந்தா, "ஏனுங்க, நஞ்சப்பன் எடுத்துக் குடுத்ததுங்களா?"ம்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நஞ்சப்பன்கிறவன் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துல கெணத்தோட மூணு ஏக்கரா தோட்டத்த இவளுக்கு விக்கறதாக் கரார் எழுதி, அட்வான்சும் வாங்கிப்போட்டு, பத்திரம் பண்ணிக் குடுக்க மாட்டேன்னுட்டான். புருசன் செத்தப்பறம் ரெண்டு எருமய வெச்சுப் பால் ஊத்திப் பொழச்சவ அவ. சொந்தமா ஒரு பிடி மண்ணு வேணும்ங்கறதுல உசுரையே வெச்சிருந்தா. எழுவத்திரண்டுல கேசு போட்டோம்.

பிராது எழுதறப்ப வக்கீல், "பாக்கிப் பணத்தோட நான் எப்பவும் தயாரா இருக்கேன்"னு ஒரு வரி சொல்லி எழுத வெச்சாரு. அவரு உள்ள போனதும் இவ எங்கிட்ட வந்து குசுகுசுங்கறா.

"அந்த வரிய எடுத்துருங்க. அத்தனையும் ஆருக்கும் தெரியாம நான் ஒளிச்சுச் சேத்த சிறுவாட்டுப் பணம். குடும்பம் இன்னும் பாகம் பிரியல. கொழுந்தன் சென்னிமலைக்குத் தெரிஞ்சா, பாதி எனக்குன்னு வந்து நிப்பான்."

அழுதுட்டா. ஒரு வரிதானேன்னு நானும் எடுத்துட்டு டைப் அடிச்சுக் கையெழுத்துக்கு வெச்சுட்டேன். வக்கீலுக்குச் சொல்லல. கூறுகெட்டவன் நான், வேறென்ன சொல்ல?

நாலு வருசம் போச்சு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னிமலை வந்து கோர்ட்டுல கடைசி பெஞ்சில உக்காந்துக்குவான். வாயத் தொறக்க மாட்டான். "வேவு பாக்க வந்திருக்கறான் பாருங்க"ம்பா அவ. எனக்கும் அப்படித்தான் பட்டுது. காட்டு வேலைய விட்டுட்டு எவன் சும்மா வந்து குந்துவான்?

சாட்சியெல்லாம் முடிஞ்சு வாதம் வந்தப்ப நஞ்சப்பனோட வக்கீல் எந்திரிச்சாரு. பணம் தயாரா இருந்துச்சுன்னு பிராதுல ஒரு எடத்துலயும் காணோமே, அந்த வரி இல்லாமச் சட்டப்படி எப்படித் தோட்டம் கேக்கறாங்கன்னாரு. எங்க வக்கீலுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. "ஏண்டா பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"ன்னு என்னைப் புடிச்ச புடி இருக்குதே, ஏழு சென்மத்துக்கும் போதும். அவசர அவசரமா அந்த வரியச் சேக்கச் சொல்லித் திருத்த மனு போட்டோம்.

முன்சீப் லேசுல விடல. "நாலு வருசம் ஏன் சொல்லல? அந்தம்மாவே வந்து சொல்லட்டும்"னுட்டாரு. நான் வேணா சொல்றேன் சாமின்னேன். கட்சிக்காரி வாயாலதான் வரணும்னுட்டாரு வக்கீல். அவகிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, "நடந்ததை நடந்தபடி சொல்லிடும்மா, நிலம் உன்னோடதுதான்."

கூண்டுல ஏறினா. பணம் இருந்துதா, இருந்தா ஏன் எழுதலைன்னு முன்சீப் கேட்டாரு. அவ கடைசி பெஞ்சப் பாத்தா. சென்னிமலை உக்காந்திருந்தான். சொல்லித் தொலை தாயின்னு நான் மனசுக்குள்ள வேண்டிக்கறேன்.

"எனக்கொண்ணுந் தெரியாதுங்க"ன்னுட்டு எறங்கிட்டா.

மனு தள்ளுபடி. அடுத்த வாரம் தீர்ப்பு. தோட்டம் கெடையாது, குடுத்த அட்வான்சத் திருப்பி வாங்கிக்கலாம், அவ்வளவுதான்.

தீர்ப்பன்னைக்கு வாசல்ல சென்னிமலை அவகிட்ட வந்தான்.

"என்னுங்க நங்கையா, பணம் இருக்குதுன்னு சொல்லியிருந்தாத் தோட்டம் கெடச்சிருக்குமாமா? அண்ணன் இருக்கறப்பவே உங்க சிறுவாடு எனக்குத் தெரியுமுங்க. என்னைக்காச்சும் கேட்டிருக்கறனா? ஒத்தையா பஸ்ஸேறி வர்றீங்களேன்னுதான் கூட வந்தேன்."

எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. அவன் பஸ்ஸுல எடம் புடிக்கப் போனதும், இவ எங்கிட்ட வந்து மெதுவாக் கேக்கறா:

"ஏனுங்க, இத்தன வருசம் சொல்லாதவன் இன்னைக்கு எதுக்குச் சொல்றான்? அட்வான்சு திரும்பி வருதல்லங்க, அதுக்குத்தான்."