கடைசி பெஞ்சு மயிலாத்தாள்

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் திருவிருந்து. அப்பத்தையும் ரசத்தையும் வாங்க எல்லோரும் வரிசையாகப் போய் முழங்காலிடுவார்கள். மயிலாத்தாள் மட்டும் கணபதி என்ற ஊரிலிருந்த அந்தச் சின்னச் சபையின் கடைசி பெஞ்சில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யார்மேலாவது பகை இருந்தால் முதலில் ராசியாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் மாதாமாதம் சொல்வார். அதைக் கேட்டு யார் பின்வாங்கினார்கள்? முந்தின நாள் தண்ணீருக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போட்டவர்கள்கூட வாயைத் துடைத்துக்கொண்டு போய் வாங்கினார்கள். இவள் ஒருத்திதான் அந்த வார்த்தையை நிஜமென்று எடுத்துக்கொண்டவள். பைத்தியக்காரி!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அவளும் புருஷன் மாரப்பனும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். மாரப்பனின் தம்பி காளிச்சாமிக்கு அது ஆகவே இல்லை. ஒரே வீட்டுக்கு நடுவே மண்சுவர் வைத்தான். கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனான். மூன்று வருஷம் கழித்து மாரப்பன் காய்ச்சலில் செத்தபோது, வேதத்தில் சேர்ந்தவன் பிணம் என் வாசல் வழியாகப் போகக்கூடாது என்று தடத்தின் குறுக்கே கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். சபையார் நாலு பேர் பின்பக்க வேலியை வெட்டிப் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். மேலே போர்த்தியிருந்த வெள்ளைத் துணி வேலிமுள்ளில் சிக்கிக் கிழிந்தது. மயிலாத்தாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்; அழவில்லை.

அடுத்த மாதம் வேலை பார்த்த மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினாள். அங்கிருந்து ஆனைமலை. மாசாணியம்மன் கோயிலில் ஒரு கல் உண்டு. அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி அதில் மிளகாய் அரைத்து அம்மனுக்குப் பூசினால் அவனுக்குக் கூலி கிடைக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. மூன்று வருஷம் கீர்த்தனை பாடிய வாயால் காளிச்சாமி பேரைச் சொல்லி, கை எரிய எரிய அரைத்தாள். அந்த ஞாயிறு அப்பத்துக்குக் கை நீட்டப் போனவள், உள்ளங்கையில் காந்தல் இன்னும் இருப்பது தெரிந்து மடக்கிக்கொண்டாள். அன்றிலிருந்துதான் கடைசி பெஞ்சு.

அறுபத்திரண்டில் காளிச்சாமிக்குச் சர்க்கரைப் புண் வந்து ஒரு காலை எடுத்தார்கள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷமாகியிருந்தது, பிள்ளை இல்லை. செய்தி கேட்டதும் மயிலாத்தாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அந்தச் சந்தோஷத்தைக் கண்டுதான் அவள் மிரண்டு போனாள். போதகரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“கல்லுக்கு ஏதம்மா சக்தி? அதனால ஒண்ணும் நடக்கல” என்றார் அவர்.

“கல்லுக்கு இல்லீங்கய்யா. அரைச்சது நானுங்களே. அவன் சாகோணும்னுதானுங்க அரைச்சேன்.”

“அப்படின்னா அவன்கிட்டயே சொல்லி மன்னிப்புக் கேளு” என்றார்.

போனாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் போவாள். புண்ணைக் கழுவி, துணி மாற்றி, கஞ்சி ஊற்றிவிட்டுச் சொல்லாமல் திரும்புவாள். இப்படியே எட்டு மாதம். காளிச்சாமிக்குப் பேச்சு இழுக்க ஆரம்பித்தது. இனியும் தள்ளிப்போட்டால் கேட்க ஆளிருக்காது என்ற பயம் ஒருநாள் அவளைப் பிடித்துக்கொண்டது.

“தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. உங்க அண்ணன் போனப்புறம் ஆனைமலைக்குப் போயி உங்க பேரைச் சொல்லி மொளகா அரைச்சுப்போட்டேன். மன்னிச்சுப்போடுங்க.”

காளிச்சாமி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானும் அரைச்சனுங்க அண்ணி” என்றான். “நீங்க வேதத்துல சேந்த வருசம். அண்ணன் பேரைச் சொல்லி. பயந்துக்கிட்டுத் திரும்பி வந்துருவாருன்னு நெனச்சேன். செத்துப்போவாருன்னு நெனைக்கலீங்க. நீங்களும் என்னைய மன்னிச்சுப்போடோணும்.” கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

கல்லுக்குச் சக்தி இல்லை என்று அவளுக்குத் தெரியும். மாரப்பன் காய்ச்சலில்தான் செத்தான் என்றும் தெரியும். ஆனாலும் வேலிமுள்ளில் கிழிந்த அந்தத் துணி கண்முன் வந்து நின்றது. மன்னித்தேன் என்ற ஒரே ஒரு வார்த்தை. இத்தனை வருஷ ஜெபமும் வேதபாடமும் அவளை அந்த ஒரு வார்த்தைவரைக்கும் கொண்டுவந்து விட்டிருந்தன. அதற்கு மேல் நகர்த்தவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அவன் வாயருகே வைத்தாள்.

“நாளைக்குப் பேசிக்கலாங்க. இப்பக் குடிங்க.”

மறுநாள் அவள் கஞ்சியோடு போனபோது அவன் வாசலில் ஆட்கள் நின்றார்கள்; விடியுமுன் உயிர் போயிருந்தது.

அடுத்த திருவிருந்தன்று போதகரே கடைசி பெஞ்சுக்கு இறங்கி வந்தார். “எட்டு மாசம் பகையாளிக்குக் கஞ்சி ஊத்தியிருக்கே. உன்னைவிட யாரம்மா முன்னால வரணும்? எழுந்து வா.”

மயிலாத்தாள் எழுந்திருக்கவில்லை.

“கஞ்சி ஊத்துனது கைதானுங்கய்யா” என்றாள். “மனசு இன்னும் அரைச்சுக்கிட்டேதானுங்க இருக்குது.”